நித்யாவின் தாடையில் நான்காவது புள்ளி

புதிதாக இந்த முடி நீக்கும் லேசர் வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்ல நினைப்பது பத்தாம் நாள் வரும் போனைப் பற்றி. மெஷினைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கக் கம்பெனியிலிருந்து டை கட்டிக்கொண்டு ஒருவர் வருவார். படம் போட்டுக் காட்டுவார், சமோசா கொடுப்பார், கைதட்டச் சொல்வார். பத்தாம் நாள் போனைப் பற்றி மட்டும் அவர் வாயே திறக்க மாட்டார்.

லேசர் போட்டுக்கொண்டு போனவர் ஒரு வாரம் சந்தோஷமாக இருப்பார். பிறகு ஒரு நாள் காலையில் கண்ணாடி பார்ப்பார். போட்ட இடத்திலெல்லாம் முடி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். அடுத்த நிமிடம் நமக்குப் போன். "என்னங்க மேடம், மொளைக்குது?" அது முளைப்பதில்லை. வேர் வெந்துபோன முடியைத் தோல் வெளியே தள்ளுகிறது, நாலைந்து நாளில் தானாக உதிர்ந்துவிடும். இதை முதல் நாளே வாயால் சொல்லியிருப்போம், தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருப்போம். அப்படியும் போன் வரும். பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியில் ஐம்பது பேரை மேய்க்கிற மனிதர்கூட அந்தக் காலையில் குழந்தையாகிவிடுவார். கோபப்படாதீர்கள். "உதிரும் சார், இழுத்துப் பிடுங்காதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள்.

இரண்டாவதாகச் சொல்ல வேண்டியது, லேசருக்குக் கருப்பு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். தோலுக்குள் கருப்பாக எது இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு சூடாக்கும். நரைத்த முடி அதற்கு இல்லாத முடி. காதில் வெள்ளை வெளேரென்று முடியோடு ஒரு ரிடையர்டு பேங்க் மேனேஜர் எங்களிடம் வந்தார். இதற்கு லேசர் வேலை செய்யாது என்று பொறுமையாக விளக்கினேன். யோசித்துத் தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரம் காது இரண்டிலும் கருகருவென்று டை அடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். "இப்போ தெரியும்ல?" என்றார். டை பூசினால் முடி மேலே கருப்பாகும், வேர் அப்படியேதான் இருக்கும் என்று சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. காது மடலில் படிந்த டையைத் துடைக்கவே எனக்கு ஒரு பாட்டில் ஸ்பிரிட் செலவானது.

இப்படிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த நான்தான் ஒரு நாள் நன்றாக மாட்டிக்கொண்டேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

என்னைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. என் பெயர் ஸ்டெல்லா. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் பிறந்து, அங்கேயே ஒரு பார்லரில் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு புருவம் எடுத்து, பிறகு வைட்ஃபீல்டில் இந்தத் தோல் கிளினிக்கில் லேசர் தெரபிஸ்டாகச் சேர்ந்து, போன வருடம் முட்டி வலியோடு ரிடையர் ஆனவள். வாய் நீளம் என்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால் இந்தக் கதையில் என் வாய் திறக்க வேண்டிய இடத்தில் திறக்கவில்லை.

நித்யா குடியாத்தத்துப் பெண். வைட்ஃபீல்டில் ஐ.டி. வேலை, தனியாக ஒரு ஃப்ளாட். இருபத்தேழு வயது. ஹார்மோன் கோளாறால் தாடையிலும் அதற்குக் கீழேயும் முடி. ஆபீஸ் பாத்ரூமில் நின்று தினம் சின்ன இடுக்கியால் பிடுங்கிப் பிடுங்கித் தாடை முழுக்கக் கரும்புள்ளியாக வந்து நின்றாள். முதல் நாள் நாம் எல்லாரிடமும் சொல்வதைத்தான் அவளிடமும் சொன்னேன். பிடுங்கக் கூடாது, நூல் போடக் கூடாது, வாக்ஸ் கூடாது. வருவதற்கு முந்தின நாள் ஷேவ் செய்துகொண்டு வர வேண்டும். மஞ்சள், காஜல், பவுடர் எதுவும் முகத்தில் இருக்கக் கூடாது.

ஷேவ் என்றதும் எல்லாப் பெண்களும் ஒரு மாதிரி பார்ப்பார்கள், நித்யாவும் பார்த்தாள். ஆனால் போய் ஒரு ரேஸர் வாங்கி வைத்துக்கொண்டாள். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

அவள் அம்மா குடியாத்தத்திலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கியிருக்கிறார். பாத்ரூமில் ரேஸரைப் பார்த்திருக்கிறார். கல்யாணமாகாத பெண் தனியாக இருக்கிற ஃப்ளாட்டில் ரேஸர்! அந்த அம்மா ஒரு வார்த்தை பேசாமல் வீட்டில் ஆண் செருப்பு இருக்கிறதா என்று கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குள், வாஷிங் மெஷினுக்குப் பின்னால் என்று எல்லா இடத்திலும் தேடியிருக்கிறார். சாயங்காலம் நித்யா வந்து உண்மையைச் சொன்னதும் ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாராம். "எவனாச்சும் இருந்திருந்தா கூட கட்டி வெச்சிட்டுப் போயிருப்பேனே, மூஞ்சில சவரம் பண்ணிக்கிறியேடி" என்று.

இதை நித்யா என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு அம்மாவும் பெண்ணும் ஏறக்குறைய ஒரு வருடம் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. பதினைந்து வயதிலிருந்து அந்த அம்மா பெண்ணின் தாடையில் குப்பைமேனி, கஸ்தூரி மஞ்சள், பயத்தம் மாவு என்று அரைத்துத் தேய்த்தவர். அதெல்லாம் வீண் என்று பெண் ஒரு மெஷினிடம் போனதும் தன்னையே தூக்கிப் போட்டுவிட்டுப் போனது போல அவருக்கு ஆகியிருக்கலாம்.

ஐந்து சிட்டிங் முடிந்தது. தாடை வழவழவென்று ஆகிவிட்டது. வரனும் அமைந்தது, பையன் வேலூர்ப் பக்கம். நிச்சயதார்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஆறாவது சிட்டிங். அன்று முதல் முறையாக அம்மாவைக் கூட அழைத்துக்கொண்டு வந்தாள் நித்யா. "இவங்கதான் எங்கம்மா, ஆன்ட்டி. மெஷினைப் பாக்கணுமாம்" என்றாள். அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது. அம்மா புதுப் புடவை, கை நிறையக் கண்ணாடி வளையல், கண்ணில் வீட்டிலேயே விளக்கெண்ணெய் விளக்கில் பிடித்த மை. ரூமுக்குள் வந்ததும் மெஷினை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இம்மாம் பெருசா இருக்கு, கரண்டு புடிச்சிக்காதே?" என்று கேட்டார். பிடிக்காது என்று சொல்லி ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன்.

தாடைக்கு மரத்துப்போகும் க்ரீம் தடவி, நேரம் பார்த்துத் துடைத்தேன். ஈரப் பஞ்சால் முகம் முழுக்கச் சுத்தம் செய்தேன். நித்யாவின் முகத்தில் மூன்று மச்சம் உண்டு. மச்சமும் கருப்புதானே, லேசர் அதைப் பிடித்துக்கொள்ளும். அதனால் மூன்றையும் வெள்ளைப் பென்சிலால் மூடினேன். கண்ணுக்கு மேல் கண்மூடி வைத்துக் கட்டினேன். எல்லாம் சரி, ஆரம்பிக்க வேண்டியதுதான்.

அப்போது ரிசப்ஷனிலிருந்து கூப்பிட்டார்கள். பத்தாம் நாள் போன். ஒருவர் முதுகில் முளைக்கிறது என்று கத்திக்கொண்டிருந்தார், என்னிடம் பேசினால்தான் வைப்பேன் என்றாராம். இரண்டே நிமிடம் என்று வெளியே போனேன். உதிரும் சார், இழுக்காதீங்க சார் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். என் கருப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன், ஜெல்லைப் பரப்பினேன், பெடலில் கால் வைத்தேன்.

வலப் பக்கம் முடிந்தது. இடப் பக்கம் காதுக்குக் கீழே தாடை வளைகிற இடத்தில் வைத்து அழுத்தினேன். பட்டென்று ஒரு சத்தம். நித்யா தூக்கிவாரிப் போட்டு எழுந்தாள். லேசர் போடும்போது முடி கருகுகிற வாசனை லேசாக வருவது வழக்கம். இது வேறு, தாளிக்கும்போது கறிவேப்பிலை தீய்ந்தால் வருமே, அந்த மாதிரி.

காலை எடுத்துவிட்டேன். கண்ணாடியைக் கழற்றி எறிந்தேன். ஜெல்லைப் பஞ்சால் வழித்து, ஐஸ் பையைத் துணியில் சுற்றி வைத்தேன். வழித்த பஞ்சைப் பார்த்தால் கருப்பாக இழுத்திருந்தது. மச்சம் பஞ்சில் வராது. நான் துடைத்தபோது அந்த இடத்தில் ஒன்றும் இருக்கவில்லை.

தலையைத் திருப்பினேன். ஸ்டூலில் இருந்த அம்மா எழுந்து நின்றிருந்தார். அவருடைய வலது ஆள்காட்டி விரல் நுனி கருப்பாக இருந்தது. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் அந்த விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

திருஷ்டிப் பொட்டு. நான் வெளியே போன இரண்டு நிமிடத்தில் தன் கண் மையை விரலால் தொட்டு, யாருக்கும் தெரியாத இடமாகப் பார்த்து, பெண்ணின் தாடைக்கு அடியில் வைத்திருக்கிறார். கண்மூடி கட்டியிருந்ததால் நித்யாவுக்குத் தெரிந்திருக்காது, இடமும் மரத்துப்போயிருந்தது. கருப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஜெல் பூசிய எனக்கும் தெரியவில்லை. லேசருக்குத்தான் பளிச்சென்று தெரிந்திருக்கிறது.

நாங்கள் கிறிஸ்தவர்கள், எங்கள் வீட்டில் இதெல்லாம் கிடையாது என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. என் அம்மாவே உப்பும் மிளகாயும் எங்கள் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டுவிட்டு, அதே கையால் சிலுவையும் போட்டவள்.

"என்ன ஆச்சு ஆன்ட்டி?" என்றாள் நித்யா, கண்மூடியோடு.

"கொஞ்சம் சூடு பட்டிருக்கு கண்ணு. அப்படியே படு. நான் டாக்டர கூட்டிட்டு வர்றேன்."

கதவைத் தாண்டி இரண்டு அடி வைத்திருப்பேன். அந்த அம்மா பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். வளையல் எல்லாம் ஒன்றோடொன்று மோதியது.

"அவகிட்ட சொல்லிடாதீங்கம்மா. உங்க காலைப் புடிக்கிறேன். ஒரு வருசம் கழிச்சு இன்னிக்குத்தான் வாம்மான்னு கூட கூட்டியாந்தா. நான்தான் மூஞ்சியைச் சுட்டேன்னு தெரிஞ்சா ஜென்மத்துக்கும் மூஞ்சில முழிக்க மாட்டா."

பிள்ளைகளே, இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வது என்று எந்தக் கம்பெனிக்காரரும் படம் போட்டுக் காட்ட மாட்டார். அந்த முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ரூமை விட்டுப் போய் வந்த பிறகு இன்னொரு முறை துடைத்துப் பார்க்காதது என் தப்புதானே என்றும் தோன்றியது. சொல்ல மாட்டேன் என்று தலையாட்டிவிட்டேன்.

எங்கள் டாக்டரம்மா கன்னடக்காரர். அதிகம் பேச மாட்டார், கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார், அதுவே போதும். வந்து பார்த்தார். தாடைக்கு அடியில் மிளகு அளவுக்கு ஒரு வட்டம், சுற்றிச் சிவப்பு. "ஏனாய்த்துரீ ஸ்டெல்லா, என்ன ஆச்சு? போன தடவை இதே பவர்தானே?"

"ஆமா மேடம். நான் ஒரு இடத்துல சரியா கவனிக்கல."

பொய் சொல்லவில்லை பாருங்கள். பாதி உண்மை. பாதி உண்மை சொல்கிறவர்களுக்கு எப்போதும் தாங்கள் புத்திசாலி என்று ஒரு நினைப்பு இருக்கும், எனக்கும் இருந்தது.

டாக்டரம்மா மருந்து எழுதினார். காய்ந்து பொருக்கு தட்டும், நகத்தால் தொடாதே, வெயில் படாமல் பார்த்துக்கொள், அதன்மேல் மேக்கப் வேண்டாம் என்றார். "நிச்சயதார்த்தத்துக்குள்ள போய்டுமா டாக்டர்?" என்று நித்யா கேட்டாள். பொருக்கு உதிரும், ஒரு அடையாளம் சில மாதம் இருக்கும், முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது என்றார். நித்யா அழவில்லை. அம்மாதான் மூலையில் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

பிறகு டாக்டரம்மா நித்யாவின் சிகிச்சைக் கார்டை எடுத்தார். அடுத்த சிட்டிங் என்ற இடத்தில் பழைய பவரை அடித்துவிட்டு, பக்கத்தில் பாதிக்கும் குறைவாக ஒரு எண்ணை எழுதினார். "ஸ்கின் தாங்கலைன்னு தெரியுது. இனிமே ரிஸ்க் பேடா, வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நித்யாவுக்கு இருப்பது ஹார்மோனால் வருகிற தாடை முடி. அதற்குப் பலமில்லாத வெளிச்சத்தைக் காட்டினால் சாகாது. சில பேருக்கு உரம் போட்ட மாதிரி இன்னும் அடர்த்தியாகவே வந்துவிடும், நான் பார்த்திருக்கிறேன். கல்யாணத்துக்கு நாலு மாதம். மிச்சம் இருந்தது இரண்டே சிட்டிங். அந்த இரண்டும் பாதி பவரில் போனால் ஒரு வருடம் அவள் பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும். அவள் தோல் நன்றாகத்தான் இருக்கிறது, தாங்காமல் போனது கண் மைதான் என்று அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். டாக்டரம்மா பின்னால் நாலு அடி நடந்தால் போதும். மூலையில் நின்ற அம்மாவைப் பார்த்தேன், நடக்கவில்லை. சூடு வைத்தது கவனக்குறைவு. இதை நான் தெரிந்தே செய்தேன்.

அடுத்த பத்து நாளும் கூத்துதான், நிச்சயம் வரை அம்மா நித்யாவின் ஃப்ளாட்டிலேயே தங்கிவிட்டார். தினம் காலையில் நித்யா தாடையைப் படம் எடுத்து அனுப்புவாள். "ஆன்ட்டி, ஓரம் லேசா தூக்குது, ஓகேவா?" ஓகே, தொடாதே என்று பதில் போடுவேன். பத்து நிமிடம் கழித்து அம்மாவிடமிருந்து போன் வரும். பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, கிசுகிசு என்று பேசுவார். "ஓரம் தூக்குதாமேம்மா, நல்லதா கெட்டதா?" ஒரே வீட்டில், ஒரே பொருக்கைப் பற்றி, இரண்டு பேருக்கும் தனித்தனியாக வைத்தியம் சொன்ன பெண் இந்த பெங்களூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஒரு நாள் குழாய்ச் சத்தம் தாங்காமல், "அம்மா, தண்ணியாவது மிச்சமாகட்டும், வாசலுக்கு வந்து பேசுங்க" என்றேன்.

இதற்கு நடுவில் டாக்டரம்மா மெஷினைச் சோதிக்க எஞ்சினியரை வரவழைத்தார். அரை நாள் எல்லா அப்பாயின்ட்மென்ட்டும் ரத்து. அந்த ஆள் கழற்றி மாட்டிச் சுட்டுப் பார்த்துவிட்டு, "மெஷின் பக்காவா இருக்கு மேடம். போடுற கையைத்தான் பாக்கணும்" என்று பல்லைக் காட்டினார். ரூமில் இருந்த எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். நான் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

பொருக்கு நிச்சயத்துக்கு முந்தின நாள் உதிர்ந்தது. நிச்சயமும் நல்லபடியாக நடந்தது. போட்டோக்கள் வந்தன. எந்த போட்டோவிலும் அடையாளம் தெரியவில்லை, நான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆனால் ஒவ்வொரு முறையும் எனக்குக் கார்டில் இருந்த அந்தச் சின்ன எண்தான் ஞாபகம் வந்தது.

ஆறு வாரம் கழித்து அடுத்த சிட்டிங். நித்யா மட்டும் வந்தாள். க்ரீம் போட்டு, துடைத்து, மூன்று மச்சத்தையும் மூடினேன். தாடையில் அங்கங்கே புதிதாக நாலு முடி தலை நீட்டியிருந்தது, எல்லாம் தடித்த முடி. இப்போது சரியான பவர் கொடுத்தால் அடங்கிவிடும். கார்டைப் பார்த்தேன். டாக்டரம்மாவின் கையெழுத்தில் பாதிப் பவர். அதன்படி போட்டால் இவளுக்குத் துரோகம். டாக்டருக்குத் தெரியாமல் பழைய பவரை வைத்தால் வேலைக்கே துரோகம், அதைவிடப் பெரிய தப்பு நம் தொழிலில் கிடையாது. வாக்குக் கொடுத்தது அந்த அம்மாவுக்கு, ஆனால் இந்தப் படுக்கையில் படுத்திருப்பது இவள்.

கண்மூடியைக் கட்டிவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை, அதனால்தான் முதலில் கட்டினேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"நித்யா, போன சிட்டிங் பத்தி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா."

"மைதானே ஆன்ட்டி?"

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"கண்ணைத்தான் கட்டியிருந்தீங்க, மூக்கைக் கட்டலையே" என்றாள். "அந்த வெளக்கெண்ண வாசனை எங்க வீட்டைத் தவிர வேற எங்கயும் வராது. வளையல் சத்தம் வேற காதுகிட்டயே கேட்டுச்சு."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஆறு வாரமாகத் தூக்கமில்லாமல், எஞ்சினியரிடம் பேச்சு வாங்கிக்கொண்டு, குழாய்ச் சத்தத்தில் போன் கேட்டுக்கொண்டு நான் காப்பாற்றிய ரகசியம்!

"தெரிஞ்சா அப்பவே ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானேம்மா? ரெண்டு செகண்டு. துடைச்சிருப்பேனே. மை கூடாதுன்னு முதல் நாளே சொன்னேன்ல?"

"சொன்னீங்க. ஞாபகம் இருந்துச்சு. சின்ன பொட்டுதானே, சும்மா சுருக்குன்னு இருக்கும்னு நெனச்சிட்டேன்."

பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"பதினஞ்சு வயசுலேர்ந்து எங்கம்மா என் தாடையைத் தூக்கிப் பாக்குறதே எங்க மொளைச்சிருக்குன்னு தேடத்தான் ஆன்ட்டி. வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் அதான் முதல்ல. அன்னிக்குத்தான் முதல் தடவ, என்னைப் பாத்து யாராச்சும் கண்ணு வெச்சிடுவாங்கன்னு அவங்களுக்குப் பயம் வந்திருக்கு. அதைப் போய்த் துடைச்சு விடுங்கன்னு எப்படி ஆன்ட்டி சொல்லுவேன்?"

எனக்கு வாய் நீளம் என்று சொன்னேன் இல்லையா. அந்த வாயை இனிமேலாவது திறந்தாக வேண்டும். கார்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

அதற்கப்புறம் நேராக டாக்டரம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து, நித்யா கேட்கவே எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு, பஞ்சு, விரல், வாக்கு, எல்லாம். டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அப்போ மூணு பேருக்கும் தெரியும். ட்ரீட்மென்ட் எழுதுற எனக்கு மட்டும் தெரியாது. அல்வா ஸ்டெல்லா, அப்படித்தானே?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கார்டை வாங்கி, சின்ன எண்ணை அடித்துவிட்டுப் பழைய எண்ணை எழுதினார். கீழே நடந்ததை நடந்தபடி என் கையாலேயே எழுத வைத்தார். "அந்த அம்மாவைக் காப்பாத்தணும்னா வேற வழியில காப்பாத்துங்க. கார்டுல பேடா" என்றார். அந்தத் திட்டுக்கு நான் தகுதியானவள்தான். உங்களில் யாருக்காவது இரக்கம் மேலிட்டுக் கார்டில் ஒரு வரியை விட்டுவிடத் தோன்றினால், அடுத்த பவரை அந்த வரியைப் பார்த்துத்தான் வைப்பார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இரக்கத்தைக் காட்ட வேறு இடம் நிறைய இருக்கிறது. ரூமை விட்டு ஒரு நிமிடம் வெளியே போனாலும் திரும்பி வந்து மறுபடி துடையுங்கள், துடைத்த பஞ்சைப் பாருங்கள். "ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?" என்று கூட வந்தவரையும் கேளுங்கள். வெட்கப்படாமல் கேளுங்கள்.

டாக்டரம்மா போனதும் நித்யா படுத்தபடியே சொன்னாள். "ஆன்ட்டி, எனக்குத் தெரியும்னு அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. பாவம்."

"அம்மாடி, ஆளை விடு!" என்றேன். "ஒரு வீட்டுக்கு ஒரு ரகசியத்துக்கு மேல என்னால தாங்காது. நீயே போன் போட்டுச் சொல்லு. இப்பவே."

கண் தெரியாமல் கையால் துழாவினாள். போனை நானே எடுத்து, அவள் சொன்ன பெயரைத் தேடி அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு அவள் காதருகே வைத்தேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது.

"இன்னாடி, லேசரு முடிஞ்சிச்சா?"

"இன்னும் இல்லம்மா. நீ அன்னிக்கு வெச்சியே, தாடைக்கு அடியில... எனக்கு அப்பவே தெரியும்மா."

குக்கர் இரண்டு விசில் அடித்தது. அடுப்பை அணைக்கிற சத்தம். போன் கட்டாகிவிட்டதோ என்று நான் எடுத்துப் பார்த்தேன்.

"அன்னிக்கு நீ அவ்ளோ அழகா இருந்தேடி" என்றார் அந்த அம்மா. "எனக்கு வேற இன்னா பண்றதுன்னு தெரியல."

கண்மூடிக்கு அடியிலிருந்து நித்யாவின் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. கண்மூடிக்குள் ஈரம் இருந்தால் லேசர் போடக் கூடாது, அது உங்களுக்கே தெரியும். கழற்றித் துடைத்துக் கட்டினேன், மறுபடி நனைந்தது. மறுபடி கழற்றினேன். அன்றைக்குச் சிட்டிங் ஆரம்பிக்க முக்கால் மணி நேரம் தாமதம். அடுத்த அப்பாயின்ட்மென்ட்காரர் வெளியே நின்று மேனேஜரைக் கூப்பிடு என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். கதவைச் சாத்திவிட்டு இன்னொரு பஞ்சை எடுத்தேன்.